சுருட்டு இலை நிழல்ல காயும்போது எங்க தப்பாகுது? கண்ணுல படுறதை வெச்சு காரணத்தைப் பிடிக்கிற வழி

காலையில சிங்கப்பூர் யீஷூன்ல எம்ஆர்டி ரயில் ஏறினதும் போனைத் திறந்தா வேடசந்தூர்லேர்ந்து அண்ணன் பையன் அனுப்பின போட்டோ வந்திருக்கும், கொட்டகைக்குள்ள கம்புல தொங்குற புகையிலை, கீழ ஒரே ஒரு வரி, "சித்தப்பா இது ஏன் இப்படி இருக்கு?" தை, மாசி, பங்குனி மூணு மாசமும் இதே தான். நான் விவசாயி இல்ல, துவாஸ் பக்கம் ஒரு உணவு லேப்ல ஈரப்பதம், சர்க்கரை, புரதம் எல்லாம் அளக்குற வேலை, ஆனா ஒரு இலை காயும்போது அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு கேட்டா சொல்ல முடியும். எங்க ஊர்ப் பக்கம் பெரும்பாலும் வெயில்லயும் அம்பாரத்துலயும் (குவிச்சு அடுக்குறது) மாத்தி மாத்திப் போட்டு பக்குவப்படுத்துற மெல்லுற புகையிலை தான், அண்ணன் மட்டும் 3 வருஷமா கொஞ்சத்தை சுருட்டுக்குன்னு ஒதுக்கி நிழல்ல காய வெக்கிறாரு. அந்த 3 வருஷமும் போன்ல சொன்னதை எல்லாம் இங்க ஒரே இடத்துல எழுதி வெக்கிறேன், ஏன்னா ஊர்ல மாமன் மச்சான் புகையிலை போடுறவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்கும் இந்த மாதிரி போட்டோ வரும்.

ஒண்ணை முதல்லயே சொல்லிடுறேன், இதை சிங்கப்பூர்ல வீட்ல செஞ்சு பார்க்காதீங்க. இங்க புகையிலை சுங்க வரி உள்ள பொருள், லைசென்ஸ் இல்லாம தயாரிக்கக் கூடாது. ஊர்லேர்ந்து வரும்போது பெட்டியில ஒரு கட்டு சுருட்டு கொண்டு வந்தா கூட சாங்கி ஏர்போர்ட்ல சிவப்பு வழியில போய் சொல்லி வரி கட்டணும், இவ்வளவு வரைக்கும் சும்மா கொண்டு வரலாம்னு ஒரு அளவே கிடையாது, மெல்லுற புகையிலைக்கு அனுமதியே இல்ல. நான் இங்க செஞ்சு பார்த்ததெல்லாம் வெத்தலையிலயும் முருங்கைக் கீரையிலயும் தான். இலைன்னா இலை தான், உள்ள ஓடுற வேதியியல்ல பாதிக்கு மேல பொது.

முதல்ல இதைப் புரிஞ்சுக்கணும்: காயறது வேற, பழுக்குறது வேற

பறிச்ச இலை செத்த இலை இல்ல. அதுல 80லேர்ந்து 90 சதவீதம் தண்ணி இருக்கு, வேர்லேர்ந்து இனி எதுவும் வராது, கொட்டகைக்குள்ள வெளிச்சமும் இல்ல, ஆனா ஒவ்வொரு செல்லும் உயிரோட மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு. மூச்சு விடணும்னா சாப்பாடு வேணும், அதனால கைவசம் இருக்குறதை உடைச்சு சாப்பிட ஆரம்பிக்குது. மாவுச்சத்தை அமைலேஸ்னு ஒரு நொதி சர்க்கரையா உடைக்கும், அந்த சர்க்கரை மூச்சுல கார்பன் டை ஆக்ஸைடாவும் தண்ணியாவும் போயிடும். புரதம் உடைஞ்சு அமினோ அமிலம் ஆகும், அதுலேர்ந்து கழண்டு வர்ற நைட்ரஜன்ல நிறைய அஸ்பராஜினாவும் கொஞ்சம் அம்மோனியாவாவும் சேரும். பச்சையம் உடையும், அது மறைச்சு வெச்சிருந்த கரோட்டினாய்டு மஞ்சள் வெளிய தெரியும். இது மஞ்சள் கட்டம், சரியா போனா ஒரு வாரத்துலேர்ந்து 12 நாள் வரைக்கும் ஆகும்.

அப்புறம் இலை செத்துப் போகுது. செல் சவ்வு கிழிஞ்சு உள்ள தனித்தனியா இருந்ததெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலக்குது. குளோரோஜெனிக் அமிலம், ரூட்டின் மாதிரி பாலிஃபீனால் ஒரு பக்கம், பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் நொதி இன்னொரு பக்கம், நடுவுல காத்துல இருக்குற ஆக்ஸிஜன். மூணும் சேர்ந்தா குயினோன், அது அமினோ அமிலத்தோடயும் புரதத்தோடயும் ஒட்டி பழுப்பு நிறம். இதைப் பார்க்க லேப் எல்லாம் வேணாம், வாழைப்பூ ஆய்ஞ்சு தட்டுல வெச்சா கருக்குதே அதே சங்கதி தான், அம்மா அதை மோர்த் தண்ணியில போட்டு வெக்கிறதுக்குக் காரணம் புளிப்புல அந்த நொதி வேலை செய்யாது.

பச்சை, மஞ்சள், பழுப்பு. பழுத்த இலையோட நிறம் தான் பழுப்பு, வார்த்தையிலயே விஷயம் இருக்கு. அதனால எந்தப் பிழையோட போட்டோ வந்தாலும் நான் முதல்ல கேக்குறது ஒரே கேள்வி தான்: இந்த இலை எப்போ செத்துச்சு? சீக்கிரம் செத்துட்டா வேலை முடியாம அப்படியே நின்னுடும், ரொம்ப நாள் சாகாம ஈரத்துல கிடந்தா தன்னையே தின்னு தீர்த்துடும். கீழ இருக்குறதுல பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணு, இல்லன்னா வயல்லயே ஆன தப்பு.

கையில ஒரு ஹைக்ரோமீட்டர் (காத்து ஈரப்பதம் காட்டுற மீட்டர்) இல்லாம இதுல இறங்காதீங்க. காத்து ஈரப்பதம் 65லேர்ந்து 75 சதவீதம், வெப்பம் 20லேர்ந்து 32 டிகிரி, இந்தக் கட்டத்துக்குள்ள நாளோட பெரும்பகுதி இருந்தா பாதி பிரச்சனை வராது. மீட்டரை வாசப்படி பக்கத்துல மாட்டாதீங்க, இலை கூட்டத்துக்கு நடுவுல, இலை உயரத்துல தொங்க விடுங்க. அங்க இருக்குற காத்து வேற, வாசல் காத்து வேற.

காஞ்சிருச்சு, ஆனா பச்சையாவே இருக்கு

முதல் வருஷம் வந்த முதல் போட்டோ இது தான். நானும் தப்பு பண்ணேன், "சீக்கிரம் காஞ்சா நல்லது தானேடா, பூஞ்சை வராது"ன்னு சொல்லிட்டேன், அவனும் கீத்தை விலக்கி காத்தாட விட்டான், மாசி மாச மதியக் காத்து எப்படி வறண்டு அடிக்கும்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியும், 4 நாள்ல இலை சருகாயிடுச்சு, பச்சை சருகு. அண்ணன் ஒண்ணும் சொல்லல, ஆனா 2 கம்பு இலையை எருக்குழிக்கு அனுப்பினதா அண்ணி சொன்னாங்க, அன்னைக்கு எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, அதுக்கு அப்புறம் தான் உக்காந்து ஒழுங்கா படிச்சேன்.

என்ன நடந்துச்சுன்னா, பச்சையத்தை உடைக்கிறது உயிருள்ள செல்லோட நொதி, அதுக்குத் தண்ணி வேணும். தண்ணி போயிட்டா நொதி அங்கேயே நின்னுடும், பச்சை அப்படியே பூட்டிக்கும். கூடவே உடையாத மாவுச்சத்தும் புரதமும் உள்ள தங்கிடும், அது எரியும்போது தீஞ்ச மாதிரி, மயிர் கருகுன மாதிரி ஒரு வாடையும் காட்டமும் வரும். நான் இதை இங்க வெத்தலையில பார்த்தேன், தேக்கா மார்க்கெட்ல வாங்கின ஒரே கட்டுல பாதியை ஈரத்துணியில சுத்தி அலமாரியில வெச்சேன், பாதியை 60 டிகிரி ஓவன்ல வெச்சேன். ஓவன்ல வெச்சது பச்சைப் பேப்பர் மாதிரி காஞ்சு பல மாசம் அப்படியே இருந்துச்சு, துணியில இருந்தது ஒரு வாரத்துல மஞ்சளாகி அப்புறம் ஓரத்துலேர்ந்து பழுத்துச்சு. முருங்கைக் கீரைப் பொடி பண்றவங்க வேகமா காய வெக்கிறது பச்சையை பூட்டத் தான், அங்க அது தான் நல்லது, இங்க அது தான் பிழை.

சுருட்டு உலகத்துலயே இதை வேணும்னே பண்றவங்க இருக்காங்க, கான்டெலான்னு பச்சை மேலிலை (சுருட்டுக்கு மேல சுத்துற இலை), பறிச்ச சில நாள்லயே சூடு காட்டி பச்சையத்தை பூட்டிடுவாங்க. அதுவும் ஒரு பக்குவம் தான், ஆனா நீங்க கேட்டு வாங்காம அது வந்தா பிழை.

சரி செய்யணும்னா, மீட்டர் 60க்குக் கீழ போகும்போதே கீத்தை மூடுங்க, தரையில தண்ணி தெளிங்க, சுவரோரம் ஈரச்சாக்கு தொங்க விடுங்க, கம்பை கொஞ்சம் நெருக்கி வைங்க. ராத்திரி திறந்து பனிக்காத்தை உள்ள விடுங்க, பகல்ல மூடுங்க. இலை இன்னும் தொட்டா வளையுதுன்னா காப்பாத்தலாம். மொறுமொறுன்னு ஆயிட்டா அது செத்தது செத்தது தான், மறுபடி ஈரம் காட்டினா மிருதுவாகும், பச்சை முழுசா போகாது. இன்னொண்ணு, முத்தாத இலையைப் பறிச்சாலும் பச்சை தங்கும். பறிக்கிறதுக்கு முன்னாடி இலையில லேசா மஞ்சளோட்டம் வந்திருக்கணும், மடிச்சா நொறுக்குன்னு உடையணும், அண்ணன் கைய வெச்சுப் பார்த்தே சொல்லிடுவாரு, எனக்கு அது வராது.

மஞ்சள்ல நின்னுடுச்சு, இல்லன்னா திட்டுத் திட்டா இருக்கு

பச்சை போயாச்சு, ஆனா பழுப்பு வரல. மஞ்சள் கட்டம் முடியுற நேரத்துல சூடும் வறட்சியும் சேர்ந்து அடிச்சா பாலிஃபீனாலும் நொதியும் சந்திக்கிறதுக்குள்ள ஈரம் தீர்ந்துடும். சிகரெட்டுக்கு போடுற வர்ஜீனியா இலையில இதைத் தான் வேணும்னே பண்றாங்க, அடைச்ச கொட்டகையில சூடு காட்டி ஒரு வாரத்துக்குள்ள 70 டிகிரி வரை ஏத்தி முடிச்சுடுவாங்க, அதனால மாவுச்சத்து சர்க்கரையா மாறின கையோட இலை செத்து சர்க்கரை உள்ளயே தங்கிடும், இலையும் மஞ்சளாவே இருக்கும். சுருட்டு இலையில சர்க்கரை கிட்டத்தட்ட ஒண்ணுமே மிஞ்சக் கூடாது. அதனால தான் வர்ஜீனியா புகை புளிப்புப் பக்கம், சுருட்டுப் புகை காரத்தன்மைப் பக்கம்.

திட்டுத் திட்டா இருந்தா பெரும்பாலும் ஓட்டை வழியா வெயில் நேரா படுது, இல்ல ரெண்டு இலை முகத்தோட முகம் ஒட்டியிருக்கு, இல்ல செடியோட மேல் பக்க இலையும் அடி இலையும் ஒரே கம்புல கோர்த்திருக்கு. அடி இலை மெல்லிசு, சீக்கிரம் போயிடும், மேல் இலை தடி, நாளாகும். தனித்தனி கம்புல போடுங்க, இலைய முதுகோட முதுகு பார்த்து கோருங்க, அவ்வளவு தான்.

கருத்துப் போச்சு, கையில எடுத்தா பேப்பர் மாதிரி எடையே இல்ல

இது முன்ன சொன்னதுக்கு நேர் எதிர், இலை ரொம்ப நாள் சாகாம கிடந்திருக்கு, சாகும்போதும் ஈரத்துலயே கிடந்திருக்கு. நல்லபடியா நிழல்ல காஞ்சாலே இலையோட உலர் எடையில 15லேர்ந்து 20 சதவீதம் மூச்சுலயே போயிடும், தண்ணியைச் சொல்லல, சத்தைச் சொல்றேன். கொட்டகையில காத்து ஓடாம ஈரமும் சூடும் சேர்ந்து நின்னா அந்த மூச்சு நிக்காம ஓடும், கூட நுண்ணுயிரும் சேர்ந்து சாப்பிடும், எடை அதுக்கு மேலயும் போகும், நிறம் பழுப்பைத் தாண்டி கறுப்பாகும், இழுத்தா கிழியும். எடைக்கு விக்கிறவங்களுக்கு இது நேரா வயித்துல அடிக்கிறது.

காரணம் பெரும்பாலும் நெருக்கம். மழை வரப்போகுதுன்னு ஒரே நாள்ல எல்லாத்தையும் பறிச்சு ஏத்திடுவாங்க, அத்தனை இலையும் தண்ணியை விடும், 100 கிலோ பச்சை இலைன்னா அதுல 80 கிலோவுக்கு மேல தண்ணி கொட்டகைக் காத்து வழியாத் தான் வெளிய போகணும், யோசிச்சுப் பாருங்க. கம்புக்கும் கம்புக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்க, கூரை உச்சியில காத்து வெளியேற வழி வைங்க, கீழ கீத்தைத் தூக்கி விடுங்க. ஈரக்காத்து தங்குற மூலை எதுன்னு ஒரு ஊதுபத்தி கொளுத்தி புகை எங்க நிக்குதுன்னு பார்த்தா தெரிஞ்சுடும்.

நாத்தம், வழுவழுப்பு, வெள்ளைப் பூ

நாம சிங்கப்பூர்ல இருக்கறதால இதைச் சட்டுனு புரிஞ்சுக்குவோம். டிசம்பர் மழையில சமையலறை ஜன்னலுக்கு வெளிய மூங்கில் கம்புல துணி போட முடியாம வீட்டுக்குள்ள போட்டா ரெண்டாம் நாள் ஒரு வாடை வருமே, அதே கதை. இங்க விடிகாலையில காத்து ஈரப்பதம் 90க்கு மேல, மழை இல்லாத மதியம் 60 பக்கம் வந்துடும், அந்த மதியம் இருக்கறதால தான் நம்ம துணி காயுது. மதியமே வராத நாள்ல தான் நாத்தம். புகையிலைக்கும் அப்படித் தான், ராத்திரி ஈரம் ஏறறது தப்பில்ல, அது தேவை கூட, ஆனா அடுத்த நாள் இறங்கணும். 85, 90க்கு மேல ஒரு நாள் முழுக்க இறங்காம நின்னா அழுகல் ஆரம்பிக்கும், இலை பழுப்பாகிக்கிட்டு இருக்குற நேரம்னா இன்னும் மோசம், ஏன்னா அப்போ செல் கிழிஞ்சு சத்தெல்லாம் கசிஞ்சு வெளிய வந்திருக்கும், பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் விருந்து.

ரெண்டையும் பிரிச்சுப் பாருங்க. நடு நரம்பு பக்கம் வழுவழுன்னு, அழுகின முட்டைக்கோஸ் மாதிரி நாத்தம்னா பாக்டீரியா. அந்த இலையை அப்பவே கழட்டி கொட்டகையை விட்டு வெளிய கொண்டு போங்க, பக்கத்துல இருக்குறதுக்கு இறங்கிடும். பஞ்சு மாதிரி வெள்ளையாவோ சாம்பல் பச்சையாவோ பூத்திருந்தா பூஞ்சை, ரைசோபஸ், பெனிசிலியம், அஸ்பர்ஜில்லஸ் வகையறா. தொடைச்சுட்டு உபயோகிக்கலாமான்னு அண்ணன் பையன் கேட்டான், வேணாம்னு தான் சொன்னேன், மேல தெரியுறது பூ மட்டும் தான், இழை உள்ள போயிருக்கும், சில வகை நச்சும் விடும். துணியில தட்டினா தூளா, பளபளன்னு உதிர்ற மாதிரி இருந்தா அது இலையிலேர்ந்து வெளிய வந்த உப்பா இருக்கலாம், லென்ஸ்ல பார்த்தா உப்பு முனை முனையா இருக்கும், பூஞ்சை நூல் நூலா இருக்கும், இப்போ எல்லா போன்லயும் கிட்ட எடுக்குற வசதி இருக்கு, அதை அனுப்பச் சொல்லுவேன்.

மழை விடாம பெய்யுறப்போ என்ன பண்றது? கரி அடுப்பை புகை இல்லாம கனிய விட்டு வெச்சு கொட்டகை வெப்பத்தை வெளிய விட 4, 5 டிகிரி ஏத்தினா போதும், காத்தோட ஈரப்பதம் தானா இறங்கும். மேல வழியைத் திறந்து வெச்சுத் தான் பண்ணணும், மூடிட்டுப் பண்ணா ஈரம் எங்க போகும், கரியோட கார்பன் மோனாக்ஸைடு வேற ஆளைக் கொல்லும். ராத்திரி உள்ள யாரும் படுக்கக் கூடாது, ஓலைக் கொட்டகைன்னா நெருப்புக்கு ஆள் காவல் இருந்தே ஆகணும். ஃபேன் வெக்க வசதி இருந்தா அதான் முதல் தேர்வு.

இந்தோனேசியாவுல சுமத்ரா தீவுல மெடான் பக்கம் போனவங்க கம்பூங் மெட்ராஸ்னு ஒரு இடத்தைப் பார்த்திருப்பீங்க. 1863ல நியன்ஹைஸ்ங்கற டச்சுக்காரர் மெடானைச் சுத்தின டெலியில புகையிலை போட ஆரம்பிச்சு, சுமத்ரா மேலிலைன்னு உலகமே கேட்டு வாங்குன காலத்துல அங்க வேலைக்குப் போனவங்கள்ல நம்ம ஆளுங்களும் உண்டு. நம்ம இங்க மூச்சு விடுற அதே ஈரக்காத்துல தான் அந்தக் கொட்டகைகள் எல்லாம் ஓடுச்சு. ஈரமான ஊர்ல நல்ல இலை வராதுன்னு யாராவது சொன்னா அதை நான் ஏத்துக்க மாட்டேன், காத்தோட்டம் தான் கணக்கு.

இலை காஞ்சிருச்சு, நடு நரம்பு மட்டும் தடியா ஈரமா இருக்கு

இறக்காதீங்க. நரம்பு கடைசியில தான் காயும், அதுக்கே 2, 3 வாரம் தனியா ஆகும். காம்புப் பக்கம் வளைச்சா மொடக்குன்னு ஒடியணும், வளைஞ்சு குழைஞ்சா இன்னும் தண்ணி இருக்கு, அப்படியே அடுக்கினா அந்தத் தண்ணி பக்கத்து இலைக்கு இறங்கி அம்பாரம் நடுவுல அழுகும். பறிச்ச இலையைக் கோர்த்துத் தொங்க விட்டா மொத்தம் 40லேர்ந்து 60 நாள், செடியோட வெட்டித் தொங்க விட்டா தண்டுத் தண்ணியும் சேர்றதால இன்னும் கூட. நரம்பு வெள்ளையா வெளுத்துத் தெரிஞ்சா அது எதிர்ப் பக்கம், கடைசிக் கட்டத்துல ரொம்ப வறட்சி, ருசி கெடாது, மேலிலையா விக்க முடியாது, சுருட்டுக்குள்ள அடைக்கிற உள்ளிலைக்குப் போகும்.

எத்தனை நாள் தொங்க விட்டாலும் நசநசன்னு இருக்கு, பத்த வெச்சா அணைஞ்சு போகுது

கொட்டகையை விட்டுட்டு கிணத்தைப் பாருங்க. புகையிலை மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்குற குளோரைடை வாரி உறிஞ்சும். குளோரைடு ஏறின இலை காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், காயவே காயாது, காஞ்சாலும் தீ ஒழுங்கா பரவாது, சாம்பல் கறுப்பா நிக்கும். பொட்டாசியம் தான் தீயைப் பிடிச்சு வெக்கிறது, அதனால பொட்டாஷ் போடணும், ஆனா கடையில சல்லிசா கிடைக்கிற மூரியேட் ஆஃப் பொட்டாஷ்ல பாதிக்குக் கிட்ட குளோரைடு, சுருட்டு இலைக்கு அது ஆகவே ஆகாது, சல்பேட் ஆஃப் பொட்டாஷ் தான் போடணும். அண்ணன் ரெண்டாவது வருஷம் உரக்கடையில கொடுத்ததை வாங்கிப் போட்டுட்டாரு. மெல்லுற புகையிலைக்கு உப்புத் தண்ணி பரவாயில்லன்னு ஊர்ல பேச்சு உண்டு, எரிக்கிற புகையிலைக்கு அந்தக் கணக்கு செல்லாது. வேடசந்தூர்லயே மத்திய புகையிலை ஆராய்ச்சி நிலையத்தோட (இப்போ அதுக்குப் பேர் மாத்திட்டாங்க) கிளை இருக்கு, தண்ணியையும் மண்ணையும் எங்க பரிசோதிக்கலாம்னு அங்க போய்க் கேளுடான்னு அனுப்பி வெச்சேன். இந்தப் பிழைக்கு இந்த வருஷம் மருந்து கிடையாது, அடுத்த வருஷம் தான்.

தொட்டா நொறுங்குது

பிழையே இல்ல, நேரம் தப்பு. பகல் 12 மணிக்கு கழட்டினா நொறுங்கத் தான் செய்யும். விடிகாலையில பனி இறங்கி இலை தோல் மாதிரி மிருதுவா வர்ற நேரத்துல இறக்கணும், ஊர்ல இதுக்கு பதம்னு ஒரே வார்த்தை. கசக்கி விட்டா மெதுவா விரியணும், கையில ஈரம் ஒட்டக் கூடாது. தண்ணி தெளிச்சு பதம் கொண்டு வர்றவங்களும் உண்டு, துளி பட்ட இடம் கறை விழும், நான் சாக்கை நனைச்சு தரையில விரிச்சு ஒரு ராத்திரி மூடச் சொல்லுவேன்.

நல்லா பழுத்திருக்கு, ஆனா மூக்கைக் குத்துது

நிழல்ல காய வெச்ச உடனே எந்த இலையும் இதமா இருக்காது. அம்மோனியா வாடையும் காட்டமும் போறது அடுத்த கட்டம், பதமான இலையை அம்பாரமா அடுக்கினா உள்ள தானா சூடு ஏறும், 50 டிகிரி பக்கம் வரும்போது பிரிச்சு உள்ளதை வெளிய, வெளியதை உள்ள மாத்தி அடுக்கணும், அம்மோனியா வெளிய போகும், நிக்கோட்டினும் கொஞ்சம் குறையும். அது தனிக் கதை. ஆனா அம்பாரம் போடாம கொட்டகையில தொங்கும்போதே அம்மோனியா கண்ணைக் கரிச்சா எங்கயோ அழுகுதுன்னு அர்த்தம், மேல சொன்ன நாத்தம் பகுதிக்குப் போங்க.

கண்ணுக்குத் தெரியாத பிழை

இதுக்கு போட்டோ வராது, அதனால நானா கேப்பேன். இலையில, முக்கியமா நடு நரம்புல, நைட்ரேட் இருக்கு, யூரியா அள்ளிப் போட்ட வயல்னா இன்னும் நிறைய. செல் கிழிஞ்சு பழுப்பாகத் தொடங்குற கட்டத்துல பாக்டீரியா அந்த நைட்ரேட்டை நைட்ரைட்டா மாத்தும், நைட்ரைட் போய் நிக்கோட்டின், நார்நிக்கோட்டின் கூட சேர்ந்தா புகையிலைக்கே உரிய நைட்ரோசமீன்கள் உருவாகும். அதுல என்என்என், என்என்கே ரெண்டையும் உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு முதல் பிரிவுல வெச்சிருக்கு. பச்சை இலையில இது ரொம்பக் கம்மி, காய வெக்கிற வாரங்கள்ல தான் ஏறுது. ஈரமும் சூடும் கூடினா கூடும், அதனால மஞ்சள் முடிஞ்சு பழுப்பு தொடங்குற அந்த வாரத்துல கொட்டகை ஈரத்தை 70க்குப் பக்கத்துல பிடிச்சு காத்தை ஓட விடுங்க, நைட்ரஜன் உரத்தை அளவோட நிறுத்துங்க, காஞ்ச இலையை தகரக் கூரை குடோன்ல மாசக்கணக்குல வேக விடாதீங்க. இதெல்லாம் பண்ணாலும் குறையும், போகாது, எரிக்கும்போது வர்ற தாரும் மத்த நஞ்சும் அப்படியே தான் இருக்கும். எங்க தாத்தா சுருட்டு பிடிச்சாரு, நான் பிடிக்கிறதில்ல, அண்ணன் பையன் கிட்டயும் பிடிக்காதடான்னு தான் சொல்லியிருக்கேன். ஆனா அதை வெச்சுப் பொழைக்கிற வீட்ல வேலையையாவது ஒழுங்கா தெரிஞ்சு செய்யட்டும்.

இலைக்கு ஒண்ணும் இல்ல, கட்டினவங்களுக்கு வாந்தி

போன மாசி மாசம் அண்ணி காலைப் பனியில நனைஞ்ச இலையை மடியில வெச்சு கோர்த்துட்டு மதியம் தலைசுத்தி வாந்தி எடுத்தாங்க, பித்தம்னு எலுமிச்சை சாறு கொடுத்துட்டு விட்டுட்டாங்க, எனக்கு சாயந்தரம் தான் சொன்னாங்க. அது பித்தம் இல்ல, நிக்கோட்டின். பச்சை இலை மேல இருக்குற ஈரத்துல நிக்கோட்டின் கரைஞ்சு தோல் வழியா ரத்தத்துக்குப் போகும், தலைவலி, குமட்டல், வாந்தி, நெஞ்சு படபடப்பு, சின்னப் பசங்களுக்கும் கர்ப்பமா இருக்குறவங்களுக்கும் இது ஆபத்து, அவங்களை இந்த வேலையில உக்கார வெக்கவே கூடாது. பனி காஞ்ச பிறகு பறிங்க, ரப்பர் கையுறை, முழுக்கை சட்டை, மடியில ஒரு பிளாஸ்டிக் ஷீட், துணி நனைஞ்சா உடனே மாத்திட்டு சோப்புப் போட்டு குளிக்கணும். வாந்தி நிக்கலன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் "புகையிலைக் காட்டுல வேலை பார்த்தாங்க"ன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க. இந்த வருஷம் முஸ்தபா கடையில 4 ஜோடி நீளக் கையுறை வாங்கி ஊருக்குப் போன ஒரு தம்பி கிட்ட கொடுத்து விட்டேன், அண்ணி அதைப் போட்டுக்கிட்டு கம்புல இலை கோர்க்கிற போட்டோ தான் நேத்து காலையில வந்தது, கீழ கேள்வி எதுவும் இல்ல.